அடகு வட்டி தேடினால் விளம்பரம் ஏன் பின்னாலேயே வருகிறது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக வேலை பார்க்கும் தங்கச்சி ஒருவர் கேட்டது இது: "நகை அடகு வைத்தால் வட்டி எவ்வளவு என்று போனில் தேடிப் பார்த்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பேஸ்புக்கைத் திறந்தாலும், செய்தி வாசித்தாலும் தங்கக் கடன் விளம்பரம்தான். அதே போனை அம்மாவும் தம்பியும் பாவிக்கிறார்கள். அம்மா பார்த்துவிட்டு 'இது என்ன?' என்று கேட்டுவிட்டார். நாம் பேசுவதைப் போன் கேட்கிறதா? எந்த செட்டிங்கை மாற்றினால் இது நிற்கும்? குரோமில் 'டூ நொட் ட்ரக்' போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரே போனை மூன்று பேர் பாவித்தால் என்ன செய்வது?"

தங்கச்சி, 'டூ நொட் ட்ரக்' ஏன் வேலை செய்யவில்லை என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்ற செட்டிங்குகளில் எது உருப்படியானது, எது வெறும் அலங்காரம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிரவுசரில் உள்ள பிரைவசி செட்டிங்குகள் இரண்டு வகை. ஒன்று, "என்னைப் பின்தொடராதீர்கள்" என்று எதிரில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வது. மற்றது, பின்தொடர்வதற்கு வேண்டிய சாமானையே கொடுக்காமல் தடுப்பது. நீங்கள் போட்டது முதல் வகை. ஒவ்வொரு தளத்தைத் திறக்கும்போதும் பிரவுசர் ஒரு வரி வேண்டுகோளைக் கூடவே அனுப்பும், அவ்வளவுதான். கேட்பதும் கேட்காததும் அந்தத் தளத்தின் இஷ்டம். 2011 இல் பயர்பொக்ஸ் என்ற பிரவுசர் முதலில் கொண்டுவந்தபோது பெரிய நம்பிக்கை இருந்தது. அநேகமாக யாரும் மதிக்கவில்லை. ஆப்பிள் 2019 இல் தன் பிரவுசரான சபாரியிலிருந்து அதைத் தூக்கிவிட்டது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் வேடிக்கையானது: இந்த வேண்டுகோளை அனுப்புகிறவர் யார் என்பதே அவரை அடையாளம் காண உதவக்கூடும் என்றார்கள். 2025 தொடக்கத்தில் பயர்பொக்ஸும் நீக்கியது. குரோமில் இன்னும் கிடக்கிறது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இதற்கு வாரிசாக 'குளோபல் பிரைவசி கன்ட்ரோல்' என்று ஒன்று வந்திருக்கிறது. கலிபோர்னியாவில் அதை மதிக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. இலங்கையில் நமக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதியையே தள்ளிப்போட்டார்கள். ஆகவே தடுக்கிற செட்டிங்குகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

போன் ஒட்டுக் கேட்கிறதா? பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். விளம்பரத்துக்காக அவ்வளவு கஷ்டப்பட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை என்பதுதான் உண்மை. அடகு வட்டி பற்றி எழுதியிருந்த பக்கத்தை நீங்கள் திறந்தபோது, எழுத்தும் படமும் அந்தத் தளத்திலிருந்து வந்தன. ஆனால் அதே பக்கத்துக்குள் கூகுளின் ஒரு துண்டு, பேஸ்புக்கின் ஒரு துண்டு, பெயரே கேள்விப்பட்டிராத விளம்பரக் கொம்பனிகளின் துண்டுகள் என்று கண்ணுக்குத் தெரியாமல் பல இருக்கும். ஹட்டன் டவுனில் நீங்கள் நுழைகிற கடைகளிலெல்லாம் ஒரே கொம்பனியின் ஆள் மூலையில் நின்று, "இன்னார் வந்தார், இதைப் பார்த்தார்" என்று கொப்பியில் எழுதிக்கொள்வது போன்ற வேலை அது. உங்களை அடையாளம் காண அந்த ஆள் உங்கள் பிரவுசரிலேயே வைத்துவிட்டுப் போகும் சிறு குறிப்புதான் குக்கி. 1994 இல் நெட்ஸ்கேப் என்ற அந்தக் காலப் பிரவுசர் கொம்பனியில் லூ மொன்டுலி என்பவர் அதை உருவாக்கியது வேறு நோக்கத்துக்கு: கூடையில் போட்ட பொருள் என்ன என்று ஒன்லைன் கடைக்கு ஞாபகம் இருக்க வேண்டும் என்பதற்காக. விளம்பரக்காரர்கள் அதைத் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதில் எவ்வளவு காசு இருக்கிறது என்று பாருங்கள்: டபிள்கிளிக் என்ற விளம்பரக் கொம்பனியை 2008 இல் கூகுள் 310 கோடி டொலருக்கு வாங்கியது.

நீங்கள் போயிருக்கும் தளத்தின் சொந்தக் குக்கி தேவையானது, அது இல்லாவிட்டால் லொகினே நிற்காது. தடுக்க வேண்டியது மூலையில் நிற்கிற மூன்றாம் ஆளின் குக்கியை. குரோமில் மூன்று புள்ளியைத் தட்டி 'செட்டிங்ஸ்' போய், 'பிரைவசி அன்ட் செக்யூரிட்டி'க்குள் 'தேர்ட்-பார்ட்டி குக்கீஸ்' என்பதைத் திறவுங்கள். பழைய குரோமாக இருந்தால் 'சைட் செட்டிங்ஸ்'க்குள் இருக்கும். இன்கொக்னிட்டோவில் (பார்த்த பக்கங்களின் வரலாற்றைப் போனில் சேமிக்காத ஜன்னலில்) மட்டும் தடு என்பது ஒரு தெரிவு, எல்லா இடத்திலும் தடு என்பது இன்னொரு தெரிவு. இரண்டாவதைப் போடுங்கள். குரோமிலேயே இருக்கப்போகிறேன் என்றால் இந்த ஒன்றுதான் மிக முக்கியமானது.

இதை ஏன் நாம் கையால் செய்ய வேண்டியிருக்கிறது? சபாரி 2020 இலேயே இந்தக் குக்கிகளை முழுதாக நிறுத்திவிட்டது. பயர்பொக்ஸ் 2022 இலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறது, ஒரு தளத்தில் எழுதியதை இன்னொரு தளத்தில் வாசிக்க முடியாது. கூகுளும் 2020 ஜனவரியில், இரண்டு வருடத்தில் நிறுத்திவிடுவோம் என்றது. பிறகு தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கிற கொம்பனி செய்கிற பிரவுசர் அது, வேறு எப்படி நடக்கும்? அதே மெனுவில் 'அட் பிரைவசி' என்று ஒன்று இருந்தால் அதற்குள் உள்ள சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். குக்கிக்கு மாற்றாக, நீங்கள் எதில் ஆர்வமாக இருக்கிறீர்கள் என்று பிரவுசரே கணக்குப் பார்த்துச் சொல்வதற்காகக் கொண்டுவந்தது அது. அந்த முயற்சியின் பெரும்பகுதியையும் 2025 இல் கூகுள் மூட்டை கட்டிவிட்டது.

செட்டிங்கை மாற்றிய பிறகு, பழைய குக்கிகளை ஒரு தடவை அழியுங்கள். மாற்றாமல் அழித்தால் பின்னேரத்துக்குள் எல்லாம் திரும்பிவிடும். அழித்தால் எல்லாத் தளத்திலிருந்தும் லொகவுட் ஆகிவிடுவீர்கள் என்பதால், பாஸ்வேர்டும் ஓடீபீ வருகிற சிம்மும் கையில் இருக்கும் நாளில் செய்யுங்கள். தினமும் அழிக்கத் தேவையில்லை.

அப்புறம், ஒரு தளம் இடத்தைக் கேட்டால் கொடுக்காமல் இருக்க 'சைட் செட்டிங்ஸ்'க்குள் 'லொக்கேஷன்' என்பதை நிறுத்தலாம். மொபைல் டேட்டாவில் இருந்தால் நம்மை அநேகமாகக் கொழும்பில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொள்வார்கள், வெள்ளவத்தைக் கடையின் பிரியாணி விளம்பரம் வரும். வந்துவிட்டுப் போகட்டும். 'நோட்டிபிகேஷன்' என்பதையும் நிறுத்துங்கள். நம் கிசுகிசுச் செய்தித் தளங்கள் திறந்தவுடனே 'அலவ்' கேட்கும், அவசரத்தில் அமத்திவிடுவோம். பிறகு நடுச்சாமத்தில் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு செய்தாலும் குரோமில் ஒரு குறை தீராது. போனில் கூகுள் கணக்கு லொகின் ஆகியிருப்பதால், நீங்கள் தேடியது மூன்றாம் ஆள் வழியாகப் போவதில்லை, நேராகவே கூகுளுக்குப் போகிறது. கூகுள் கணக்கைத் திறந்து 'டேட்டா அன்ட் பிரைவசி'யில் 'வெப் அன்ட் அப் அக்டிவிட்டி'யை நிறுத்துங்கள், பழையதை அழியுங்கள். 'மை அட் சென்டர்' என்ற இடத்தில் ஆளுக்கேற்ற விளம்பரத்தையும் நிறுத்தலாம். இது விளம்பரத்தைக் குறைக்காது. தங்கக் கடனுக்குப் பதிலாகச் சாரி, டியூஷன், காணி விற்பனை என்று எல்லோருக்கும் வருவது உங்களுக்கும் வரும். அம்மா கேள்வி கேட்கிற மாதிரி எதுவும் இருக்காது.

என்னைக் கேட்டால், குரோமோடு மல்லுக்கட்டுவதைவிட இரண்டாவது பிரவுசர் ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது. குரோமில் ஜீமெயிலும் லொகின் செய்ய வேண்டிய மற்றவையும் இருக்கட்டும். தேடுவது, வாசிப்பது, வட்டி பார்ப்பது, வருத்தம் பற்றிப் பார்ப்பது எல்லாம் பயர்பொக்ஸில். அங்கே கூகுளிலும் பேஸ்புக்கிலும் லொகின் செய்யவே கூடாது. செட்டிங்ஸில் 'என்ஹான்ஸ்ட் ட்ரக்கிங் புரொட்டெக்ஷன்' என்பதைத் திறந்து 'ஸ்ட்ரிக்ட்' போடுங்கள். பிறகு 'எக்ஸ்டென்ஷன்ஸ்' (பிரவுசரோடு சேர்க்கும் துணைக்கருவிகள்) போய், விளம்பரத்தையும் வேவு பார்க்கிற துண்டுகளையும் தடுக்கிற 'யூபிளொக் ஒரிஜின்' என்பதைச் சேருங்கள். ரேமண்ட் ஹில் என்பவர் உருவாக்கியது, இலவசம். பெயரில் ஒரிஜின் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், அந்தச் சொல் இல்லாமல் இதே மாதிரிப் பெயரில் இருப்பது வேறு ஆட்களுடையது. அன்ட்ரொய்ட் குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது. கம்ப்யூட்டர் குரோமிலும் கூகுள் கொண்டுவந்த புதிய விதிகளால் பழைய யூபிளொக் ஒரிஜின் நின்றுபோய், அதன் 'லைட்' வடிவம்தான் கிடைக்கிறது. அது பரவாயில்லை ரகம்.

யூபிளொக்கின் இன்னொரு லாபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விளம்பரமும் வேவு பார்க்கிற துண்டுகளும் நம் ரீலோட் காசில்தான் இறங்குகின்றன. தோட்டத்துப் பக்கம் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று நிற்கும்போது, ஒரு செய்திப் பக்கம் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதில் பெரும்பகுதி செய்திக்கான நேரமே இல்லை. யூபிளொக் போட்டவுடன் அதே பக்கம் சட்டென்று திறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிரைவசியில் அக்கறையே இல்லாத தம்பிமாரை இந்த ஒரு விஷயத்தால்தான் சம்மதிக்க வைக்க முடிகிறது.

சின்ன மெமரி உள்ள பழைய போனில் பயர்பொக்ஸ் மந்தமாக இருந்தால் பிரேவ் என்ற பிரவுசரைப் போடலாம். அதில் தடுப்பு ஏற்கெனவே சேர்ந்தே வரும். அதன் முதல் பக்கத்தில் வருகிற கிரிப்டோ சமாச்சாரங்களைத் தொடாதீர்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் சபாரி செட்டிங்கில் 'பிரிவென்ட் க்ரொஸ்-சைட் ட்ரக்கிங்' ஒன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஐபோன் பயர்பொக்ஸில் யூபிளொக் போட முடியாது.

கடுமையாகத் தடுத்தால் சில இடங்களில் சிக்கல் வரும். கார்ட்டில் காசு கட்டும்போது பேங்க் ஓடீபீ கேட்கிற பெட்டி வராமல் நிற்கலாம், ஒரு பக்கத்துக்குள் வைத்திருக்கிற வீடியோ ஓடாமல் போகலாம். அதற்காக எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டாம். முகவரிக்குப் பக்கத்தில் உள்ள கேடயம் போன்ற படத்தைத் தட்டி, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்தி, வேலை முடிந்ததும் திரும்பப் போடலாம்.

இனி, குக்கியே இல்லாமல் ஆளை அடையாளம் காணும் வித்தை. உங்கள் ஸ்கிரீன் அளவு, மொழி, நேர வலயம், கம்ப்யூட்டரில் உள்ள எழுத்துருக்கள் என்று ஒவ்வொன்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்களைப் போலவே இன்னொருவர் இருப்பது அபூர்வம். அமெரிக்காவின் எலக்ட்ரொனிக் ப்ரொன்டியர் பவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு 2010 இலேயே இதைப் பரிசோதித்துக் காட்டியது. நம் ஆட்களுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. பாடசாலைக் கம்ப்யூட்டர், கொமியூனிகேஷன் கடைக் கம்ப்யூட்டர் எதை எடுத்தாலும் பாமினி எழுத்துரு இருக்கும். உலகக் கணக்கில் பாமினி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அதோடு கொழும்பு நேரமும் சேர்ந்தால் தேடுகிற வட்டம் எவ்வளவு சுருங்கும் என்று யோசியுங்கள். அதற்காகப் பாமினியைத் தூக்க வேண்டாம், வினாத்தாள் அடிக்க வேறு வழியில்லை. கம்ப்யூட்டர் பயர்பொக்ஸில் 'ஸ்ட்ரிக்ட்' போட்டால், நாமாகச் சேர்த்த எழுத்துருக்களைத் தளங்கள் எண்ணிப் பார்ப்பதை அது குறைத்துவிடும்.

பிரவுசரில் என்ன செய்தாலும் பேஸ்புக் அப் தனி ராஜ்யம். அதற்குள் வருகிற லிங்க்கைத் தட்டினால் உங்கள் பயர்பொக்ஸில் திறக்காது, அப்புக்குள்ளேயே இருக்கும் பிரவுசரில் திறக்கும். இந்த செட்டிங் எதுவும் அங்கே செல்லுபடியாகாது. ஐபோனில் பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் அப்படித் திறக்கும் பக்கங்களுக்குள் தங்கள் சொந்தக் கோடையும் செருகுவதை பீலிக்ஸ் க்ரௌஸ் என்ற ஆய்வாளர் 2022 இல் எடுத்துக் காட்டினார். மூன்று புள்ளியைத் தட்டி வெளிப் பிரவுசரில் திறக்கப் பழகுங்கள். 2025 ஜூனில் இன்னொன்று வெளியே வந்தது: அன்ட்ரொய்ட் போனில் பிரவுசருக்குள் ஓடும், பேஸ்புக்கின் தாய்க் கொம்பனியான மெட்டாவின் வேவுத்துண்டு, அதே போனில் இருக்கிற பேஸ்புக் அப்போடு பின்கதவு வழியாகப் பேசி, பார்க்கிறவர் யார் என்று தெரிந்துகொண்டிருந்தது. இன்கொக்னிட்டோவில் இருந்தாலும் தப்பவில்லை. ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தியதும் மெட்டா நிறுத்தியது. அந்த அப்பையே அழித்துவிட்டுப் பிரவுசர் வழியாகப் பேஸ்புக் பார்ப்பவர்களை நான் கிறுக்கர்கள் என்று சொல்லமாட்டேன்.

அப் வேண்டும் என்றால், பேஸ்புக் செட்டிங்கில் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' போய் 'யுவர் இன்பர்மேஷன் அன்ட் பெர்மிஷன்ஸ்'க்குள் 'யுவர் அக்டிவிட்டி ஒப் மெட்டா டெக்னொலொஜீஸ்' என்பதைத் தேடுங்கள். எந்தெந்தத் தளங்கள் உங்களைப் பற்றி பேஸ்புக்கிடம் சொல்லியிருக்கின்றன என்ற பட்டியலே அங்கே இருக்கும். பார்த்தால் திடுக்கிடுவீர்கள். பழையதை அழித்து, இனி வருவதையும் துண்டித்துவிடுங்கள். தங்கக் கடன் விளம்பரம் பேஸ்புக்கில் வருவதற்கு உங்கள் விஷயத்தில் இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். போனின் செட்டிங்கில் கூகுள், அதற்குள் 'அட்ஸ்' போய் விளம்பர ஐடியையும் அழித்தால் மற்ற அப்களின் வேவும் குறையும்.

எந்த செட்டிங்கும் தடுக்காதது ஒன்று இருக்கிறது. டவுனில் ஒரு கடையில், கழிவு தருகிறோம் என்று போன் நம்பர் கேட்பார்கள். அந்த நம்பர்ப் பட்டியலை அப்படியே பேஸ்புக்கில் ஏற்றி, "இவர்களுக்கு மட்டும் என் விளம்பரத்தைக் காட்டு" என்று எந்தக் கடைக்காரரும் சொல்லலாம். அதற்குக் குக்கியும் வேண்டாம், பிரவுசரும் வேண்டாம். நம்பர் கொடுக்காமல் வருவதுதான் மருந்து.

விபிஎன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போனில் ஒன்று இருக்குமே. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது பேஸ்புக்கை முடக்கினார்கள், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு முடக்கினார்கள், 2022 ஏப்ரலில் திரும்பவும் முடக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் தடையைத் தாண்டுவதற்காகக் கையில் கிடைத்த இலவச விபிஎன்னை இறக்கினோம், பிறகு அழிக்கவில்லை. விபிஎன் உங்கள் ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்ணை) மறைக்கும், குக்கியைத் தடுக்காது. அதோடு உங்கள் போக்குவரத்து முழுவதும் அந்தக் கொம்பனியின் கை வழியாகவே போகும். பேஸ்புக்கே ஒனாவோ என்ற விபிஎன் கொம்பனியை 2013 இல் வாங்கி, மக்கள் என்னென்ன அப் பாவிக்கிறார்கள் என்று அதன் மூலம் பார்த்துக்கொண்டிருந்தது. காசு கேட்காத விபிஎன்னை அழித்துவிடுங்கள்.

சரி, மூன்று பேரின் ஒரே போன். உங்கள் உண்மையான சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். இங்கே இன்கொக்னிட்டோ கொஞ்சம் உதவும். வெளியில் உள்ள கொம்பனிகளிடமிருந்து அது பெரிதாக மறைக்காது. இன்கொக்னிட்டோவில் பார்த்ததையும் சேகரித்ததாக 2020 இல் போடப்பட்ட வழக்கில், 2024 இல் பெருந்தொகையான பதிவுகளை அழிக்க கூகுள் சம்மதிக்க வேண்டியதாயிற்று. ஆனால் அதே போனை அடுத்ததாக எடுக்கிறவர் கண்ணில் நீங்கள் பார்த்த பக்கங்களின் வரலாறு படாது. குரோமின் பிரைவசி மெனுவில், வெளியே போய் வந்தால் இன்கொக்னிட்டோ டப்களைப் பூட்டி வைக்கிற சுவிட்ச் ஒன்று உண்டு, அதையும் போடுங்கள். பயர்பொக்ஸில் 'டிலீட் பிரவுசிங் டேட்டா ஒன் குவிட்' என்பதைப் போட்டால், மெனுவில் 'குவிட்' கொடுத்து வெளியேறும்போது எல்லாம் துடைக்கப்படும். சில போன்களில் ஆளுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் பிரிக்கலாம். உங்கள் போனில் அது இருந்தால் அதுதான் சிறந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தப் போனில் உள்ள கூகுள் கணக்கு யாருடையது? வாங்கிய கடையிலேயே ஜீமெயில் திறந்து கொடுப்பது இங்கே வழக்கம். பாஸ்வேர்ட் கடைக்காரப் பையனுக்குத்தான் தெரியும். தம்பிக்குப் பிறகு வேறு போன் வாங்கினால் அதிலும் அதே கணக்கைப் போட்டுவிடுவார்கள். இரண்டிலும் குரோம் சிங்க் ஒன் ஆகியிருந்தால் நீங்கள் இங்கே தேடுவது அங்கே தெரியும். கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கம் போய், ரிக்கவரி நம்பராக உங்கள் நம்பர்தான் இருக்கிறதா என்று பாருங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' என்ற பட்டியலில் தெரியாத போன் ஏதாவது இருந்தால் 'சைன் அவுட்' கொடுங்கள்.